சொல்லாமல் கிளம்புகிறவள்

என் மகள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் கெலாங் பாத்தாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். பாலத்தைத் தாண்டினால் வீடுதான், ஆனாலும் மாதம் ஒருமுறைக்கு மேல் வரமாட்டாள். வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து கெட்டுப்போனதை எல்லாம் எடுத்து வெளியே போடுவாள். எனக்கு மூன்று நாளுக்குக் காணும்படி கறி சமைத்து டப்பாக்களில் அடைத்து வைப்பாள். நான்கு மணியானால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு கேட் சாத்தும் சத்தம் கேட்கும். அப்போதுதான் போய்விட்டாள் என்று தெரியும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வந்தவள் ஃபிரிட்ஜ் பக்கம் போகவில்லை. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து, "அப்பா, வந்து உக்காருங்க. ஒரு படம் பாக்கணும்" என்றாள்.

"என்ன படம்?"

"இஸ்ரேல் படம்."

"அலமாக்! உனக்கு வேற நாடே கிடைக்கலையா?"

எங்கள் பாஸ்போர்ட்டில் இஸ்ரேலைத் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அச்சடித்திருக்கிறது. டிவியில் காஸாவைப் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் எழுந்து போன நாட்கள் எனக்கு உண்டு. அதையெல்லாம் அவளிடம் சத்தமாகவே சொன்னேன். நான் எதையும் சத்தமாகத்தான் சொல்வேன். முப்பது வருடம் பிளாஸ்டிக் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை, மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது என்பேன். உண்மை அதுவல்ல. கத்துவது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"சண்டைய பத்தின படம் இல்லப்பா. ஒரு வீட்ல நடக்குற கதை. பாருங்க, பாத்துட்டுத் திட்டுங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கடலோர ஊர். பதினேழு வயதுப் பையன். அப்பா பஸ் ஓட்டுகிறவர், முன்கோபி, மகனின் தலைமுடியிலிருந்து அவன் கேட்கும் பாட்டு வரை எல்லாவற்றுக்கும் குறை சொல்கிறவர். அம்மா நடுவில் நின்று இரண்டு பேரையும் சிரிக்கவைத்துச் சமாளிக்கிறாள். பையனுக்கு ஒரு பெண் மீது காதல், அது அம்மாவுக்கு மட்டும் தெரியும். முதல் பாதியில் நானே இரண்டு மூன்று முறை சிரித்துவிட்டேன். பிறகு அம்மா இறந்துபோகிறாள்.

அவர்கள் துக்க வழக்கப்படி வீட்டுக் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடுகிறார்கள். அப்பாவும் பிள்ளையும் ஏழு நாள் தாழ்வான நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, ஆட்கள் வந்து போகிறார்கள். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. அந்தப் பெண் வருகிறாள். வாசலில் நின்று, பதற்றத்தில், "ஷாலோம்" என்று சொல்லிவிடுகிறாள். உள்ளே இருக்கும் கிழவர்களின் முகம் சுருங்குகிறது. மகள் படத்தை நிறுத்தி எனக்கு விளக்கினாள்.

"ஷாலோம்னா வணக்கம் மாதிரி. சாவு வீட்ல அப்படிச் சொல்லக்கூடாதாம்பா. அந்தப் பொண்ணுக்குத் தெரியல."

மறுபடி ஓடவிட்டாள். அந்த முன்கோபி அப்பா எழுந்து நிற்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஷாலோம்" என்று திருப்பிச் சொல்கிறார். தன் மகனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார். அதற்குப் பிறகு படத்தில் என்ன வந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. என் கண் திரையில் இருந்தது. நான் மட்டும் நான்கு வருடத்துக்கு முன்னால் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். மழை வேறு. என் மனைவியை ஜோகூர் பாருவில் தகனம் செய்துவிட்டு வந்து, தலைக்குக் குளித்து, ஈர முடியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நம் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாவு வீட்டில் "வாங்க" என்று யாரையும் அழைப்பதில்லை. கிளம்புகிறவர்களும் சொல்லிக்கொள்வதில்லை, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். போயிட்டு வரேன் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்டது போல.

மகளோடு படித்தவர்கள் கூட்டத்தில் ஒரு பையன் நின்றிருந்தான். காலையிலிருந்தே பார்த்தேன், அழுது அழுது கண் வீங்கியிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, என் மனைவிக்காக இப்படி அழுகிறானே என்றுகூட நினைத்தேன். அவன் என் முன்னால் வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அங்கிள், போயிட்டு வரேன்."

என் அக்காள், "சிவ சிவா" என்றாள். நான் கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"எதுக்குடா வரப்போற? அடுத்த சாவுக்கா?"

அவன் விழித்தான். "சாரி அங்கிள், ஐ டிடன்ட்..." என்று ஆரம்பித்தான். சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். ஈரத்தரையில் வழுக்கி விழப்போனவனை மகள் ஓடிவந்து பிடித்தாள். அவள் பிடித்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அம்மா போன அன்றைக்கே மகள் இப்படி என்றதும் எனக்கு வெறியே வந்துவிட்டது. எந்த ஊர், என்ன சாதி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று தெருவே பார்க்கக் கேட்டேன். பொந்தியான், கத்தோலிக்கக் குடும்பம் என்று யாரோ சொன்னார்கள். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, காலை ஒடச்சிருவேன்" என்றேன். நன்றாக நினைவிருக்கிறது, அவன் போகும்போதும் தலையைக் குனிந்து என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தான். வாசற்படியை மிதிக்கவில்லை, கேட்டுக்கு வெளியே வெள்ளைப் பூங்கொத்தோடு நின்றான். நான் போய் கேட்டைச் சாத்தினேன். மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் அழாததால் விஷயம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. மகள் மடிக்கணினியை மூடினாள்.

"நீ இத ஏற்கெனவே பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"மூணு தடவ."

நான் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"அவங்க வீட்ல இங்கிலீஷ்தான்பா பேசுவாங்க. தமிழ் அவனுக்கு அரகொறதான். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீங்க ஓவர்டைம் பாத்தீங்க. தினமும் மத்தியானம் அவன்தான் பொந்தியான்லேர்ந்து மோட்டார்ல வந்து எங்களோட இருந்தான். மொத நாள் கிளம்பும்போது, 'ஆன்ட்டி, நான் போறேன்'னான். அம்மா சிரிச்சிட்டு, 'போறேன்னு சொல்லக்கூடாதுய்யா, போயிட்டு வரேன்னு சொல்லணும்'னாங்க. சொல்லிக்காட்டச் சொன்னாங்க. அப்புறம் தினமும் அதச் சொல்லாம அவன விடமாட்டாங்க. கடைசி நாளும் சொல்லிட்டுத்தான் போனான்."

அவள் குரல் உயரவே இல்லை.

"அவன் ஒழுங்காச் சொன்ன ஒரே தமிழ் அதுதான்பா. உங்ககிட்ட மரியாதையா நடந்துக்கணும்னு அதச் சொன்னான்."

எனக்கு என் மனைவியின் குரலே கேட்டது. என்னையும் அப்படித் திருத்தியிருக்கிறாள். கல்யாணமான புதிதில், வேலைக்குக் கிளம்பும்போது "போறேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டியதாயிற்று. அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. அவளைத் தகனம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது அவளுடைய அந்த வார்த்தையையே ஒரு பிள்ளை கொண்டுவந்து என் கையில் கொடுத்திருக்கிறான். நான் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அவன் நம்பர் இருக்காம்மா?"

"எதுக்கு?"

"ஒரு வார்த்த பேசணும். மன்னிப்புக் கேக்கணும்."

"அவன் இப்ப ஆஸ்திரேலியாவுல இருக்கான். போன வருஷம் கல்யாணம் ஆயிருச்சு. இப்பப் போயி அதெல்லாம் கிளறாதீங்க." மடிக்கணினியைப் பையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கேக்கணும்னா என்கிட்ட கேக்கலாம்."

கேட்டிருக்க வேண்டும். அவள் என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், அதற்காகத்தான் படமும் காட்டினாள், வழியையும் அவளே திறந்துவிட்டாள். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"தே ஓ போடட்டுமா?"

பால் இல்லாத தேநீர், அவள் எப்போதும் குடிப்பது. நாக்கு அதோடு நின்றுவிட்டது. தெருவே கேட்கக் கத்தத் தெரிந்த ஆளுக்கு, நாலடி தூரத்தில் இருக்கும் மகளிடம் ஒரு வார்த்தை மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள். போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தாள். பிறகு எழுந்து வழக்கம்போல் ஃபிரிட்ஜைத் திறந்து, முந்தின மாதத்து டப்பாக்களைக் கழுவினாள்.

நான்கு மணிக்குப் பையை எடுத்தாள். டிவியைப் போடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டினாள், போனைப் பார்த்தாள், வாசலைத் தாண்டினாள். வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வருடமாக இவள் இந்த வீட்டிலிருந்து எப்படிக் கிளம்புகிறாள் என்பது அந்த நிமிடம்தான் என் மண்டையில் ஏறியது. சாவு வீட்டிலிருந்து எழுந்து போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கிராப் வாடகைக் கார் வந்து நின்றிருந்தது, அவள் பின்சீட்டில் ஏறிவிட்டாள். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

"போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா."

கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் கண் மட்டும் கலங்கியது.

"அதச் சொன்னவனத்தானேப்பா வெளிய தள்ளுனீங்க."

கண்ணாடி ஏறியது. அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கண்ணாடி மேலே போய் மூட இரண்டு மூன்று விநாடி ஆகும். டிரைவர் சின்ன வயது மலாய்க்காரர். எங்கள் பேச்சு அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. வயதானவர் வெறுங்காலோடு நிற்கிறாரே என்று நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார்.

"ஜலான் டுலு, பாக்சிக்" என்றார். போயிட்டு வரேன் ஐயா என்று நாம் சொல்வதுதான். அன்றைக்கு என்னிடம் சொல்லிக்கொண்டு போனது அவர் ஒருவர்தான்.