மாமாவின் மல்லாட்டை

என் அக்காவின் கணவரான மாமா, ஒரு மல்லாட்டைச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தொடையில் தட்டி உதறி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். செஞ்சி மலைப் பாறைகள் வெயிலில் தகித்துக்கொண்டிருந்த பகல் அது. வேரில் கொத்துக்கொத்தாய் நிலக்கடலை. "பாரு மச்சான், செத்த நெலத்துல காய்ச்சிருக்குது."

நிலத்தை ஒட்டி முன்பு போல்ட்டுகளுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகத்தால் முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் கழிவுநீர் இறங்கிய பிறகு எதை விதைத்தாலும் மஞ்சளாகிக் கருகியது. பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பிய மாமாவை, ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பை விதை கொடுத்து நான்தான் நிறுத்தினேன். அந்த ரகம்தான் என் வாழ்நாள் படிப்பு. காட்மியம் உள்ளே வந்ததும் அந்தச் செடி கந்தகம் நிறைந்த சிறு புரதத் துணுக்குகளைச் செய்து அதைப் பிடித்துக் கட்டும். சவ்விலிருக்கும் இன்னொரு புரதம் அப்படிக் கட்டியதை உயிரணுவின் நுண்குமிழுக்குள் தள்ளி அடைத்துவிடும். விஷம் எங்கும் போவதில்லை, உள்ளேயே கிடக்கும். செடி பச்சையாக நிற்கும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்தச் செடியும் பூத்ததில்லை. விதைப் பண்ணையிலிருந்து வரும் விதையை முளைக்கவிட்டு, சில வாரங்களிலேயே பிடுங்கி அரைத்துப் புரதத்தைப் பிரித்துவிடுவோம். அதனால் பருப்பில் என்ன போய்ச் சேரும் என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

இரண்டாம் வருடம்தான் ஒரு பிடி பருப்பைச் சோதித்தேன். காட்மியம் தின்னக்கூடாத அளவு இருந்தது. அன்றே சொல்லப் போனேன். அக்கா அவித்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி வைத்திருந்தாள். விஷத் தண்ணீர் பாய்ந்த நிலமாயிற்றே என்று ஊரில் யாரோ கேட்டதைச் சொல்லி மாமா சிரித்தார். "செடிக்கே ஒண்ணும் ஆவல, நமக்கு இன்னா ஆவப்போவுது? சாப்டு மச்சான்."

சாப்பிட்டேன். சொன்னால் மாமா ஊரை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தது பாதிதான் உண்மை. மீதி, என் பெயர் கெடுமே என்ற பயம். அதன்பின் வருடாவருடம் அவர்களோடு உட்கார்ந்து தின்றேன். அதிலேயே என் கணக்கு நேராகிவிடும் என்பதுபோல.

இப்போது மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. சர்க்கரையால் என்கிறார் டாக்டர். இருக்கலாம். காட்மியமும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

போன வாரம் கைத்தடியோடு போய் ஒரு செடியைப் பிடுங்கி வந்தார். உதறத் தெம்பில்லாமல் மண்ணோடு நீட்டினார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாம் வருசத்துலேர்ந்து, மாமா."

உள்ளே அக்கா மல்லாட்டை அவிய வைத்திருந்த குக்கர் விசில் அடித்தது. மாமா செடியைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அடுப்பை அணைத்தார்.