கலவைக்காரியின் பத்து விரல்

கலவைக்காரி ஒருமுறை சூடு பட்டவள். சீட்டுப் பிடித்த பக்கத்து வீட்டுக்காரி ஊர்ப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியபோது, இவளுடைய மூன்று வருடச் சேமிப்பும் கூடவே ஓடிப்போனது. அதற்கப்புறம்தான் வங்கி வாசலை மிதித்தாள்.

“இங்க போட்டா ஒருத்தரும் தொட முடியாதும்மா” என்றார் குமாஸ்தா. ரேகைக் கருவியின் கண்ணாடிமேல் கட்டைவிரலை வைக்கச் சொல்லிக் கணக்கு திறந்து கொடுத்தார்.

ஆறு வருடம் சிமெண்டுக் கல் பட்டறையில் வெறுங்கையால் கலவை அள்ளினாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது மகளின் நர்ஸ் படிப்புக்கு. அந்த மகள்தான், “நீ இனிமே கைநாட்டு இல்லம்மா” என்று கையெழுத்துப் போடவும் சொல்லிக் கொடுத்தாள்.

படிப்புக்கு இடம் கிடைத்தது. பணம் கட்டக் கடைசி நாளன்று இருவரும் வங்கிக்குப் போனார்கள். கட்டைவிரலை வைத்தாள். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள், மறுபடி சிவப்பு. குமாஸ்தா பொறுமையாகப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்.

“ரேகையே இல்லையேம்மா, எங்க தொலைச்சீங்க?”

“சிமெண்டு தின்னுடுச்சு சார்.”

வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். அவன் வாயில் கலவையை அள்ளிப் போட்டால் தேவலை.

“நான் கையெழுத்துப் போடுவேன் சார்!” அவசரமாக ஒரு தாளை இழுத்து, எழுத்தெழுத்தாகப் போட்டுக் காட்டினாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்குல கைநாட்டுன்னுல்ல இருக்கு? மாத்த மனு குடுங்க. பெரிய ஆபீஸ்ல இருந்து வர இருபது நாளாகும்.”

“நாலு மணிக்குள்ள கட்டணும் சார். என் பணம்தானே?”

“உங்க பணம்தான். என் கையில என்னம்மா இருக்கு?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி பாவம், நல்ல மனுஷன். யாரைத் திட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“வாம்மா, போலாம்” என்றாள் மகள். மணி நாலே கால் ஆகியிருந்தது.

சும்மா உட்கார்ந்து என்ன செய்ய என்று மறுவாரமே மகளும் பட்டறைக்கு வந்துவிட்டாள். மனு கொடுத்த இருபத்தோராம் நாள் பணம் கைக்கு வந்தது, ஒரு காசு குறையாமல். குமாஸ்தா சொன்னது பொய்யில்லை, யாரும் தொட்டிருக்கவில்லை.

கலவைக்காரி அதில் முதலில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கினாள். மகளின் கைக்குச் சரியாக இருந்தது.