மஞ்சள் ஆப்பிளுக்கு மரியாதை

தேவ்குவின் நாக்குக்கு இருந்த வேகம் அவள் காலுக்கு இல்லை. பிடிவாதம் மட்டும் இரண்டு ஆளுக்குச் சேர்த்து இருந்தது. வடக்கே பனி விழும் கோட்கட் மலைச்சரிவில், வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் என்ன ஆப்பிள் வைப்பது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். கணவன் பாலக் ராம் அரசு பஸ் ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு நாள் வந்து தூங்கிவிட்டுப் போகிறவனிடம் மரத்தைப் பற்றி என்ன யோசனை கேட்பது?

அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது தேவ்குவின் பங்கில் வந்தவை பெரும்பாலும் கோல்டன் மரங்கள். மஞ்சள் ஆப்பிள். நன்றாக இனிக்கும், ஆனால் மண்டியில் சிவப்புப் பெட்டிக்குக் கிடைக்கிற மரியாதை அதற்குக் கிடையாது. மூத்தவரின் மனைவி, அவளுடைய ஓரகத்தி சுந்த்ரி, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மஞ்சக்காமாலை வந்த தோட்டம் அவளுக்குப் போச்சு" என்று யாரிடமோ சொன்னது தேவ்குவின் காதில் விழுந்துவிட்டது.

அத்தோடு பேச்சு நின்றது. அந்தக் குளிர்காலமே தேவ்கு கோல்டன் மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு, முழுக்க ராயல் கன்றுகளாக நட்டாள். எல்லாம் சிவப்பு. ராயல் பூவுக்கு ராயல் மகரந்தம் உதவாது, நடுவில் வேறு ஜாதி மரம் வேண்டும் என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். தேவ்குவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஓடைக்கு அப்பால் யாராவது வைத்திருப்பார்கள், தேனீக்குத்தான் சிறகு இருக்கிறதே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். தெரியாமல் செய்த தப்பை ஒப்புக்கொண்டுவிடலாம். ரோஷத்தில் தெரிந்தே செய்ததை எந்த முகத்தோடு ஒப்புக்கொள்வது?

மரங்கள் வளர்ந்து பூத்தன. பூ என்றால் அப்படி ஒரு பூ. காய்தான் விரல்விட்டு எண்ணும்படி இருந்தது. முதல் வருஷம் ஆலங்கட்டி மழை என்றாள். அடுத்த வருஷம் குளிர் என்றாள். மூன்றாவது வருஷம் பூ அவிழ்கிற சமயத்தில் பாலக் ராம் சுண்ணாம்புப் பொடியும் கயிறுமாக வந்து, நிலத்தை அளந்து கோடு போட்டுவிட்டான்.

"மூணு ரூம் கட்டி விருந்தாளிக்கு விடலாம். டில்லிக்காரன் பனியைப் பார்த்துட்டு சந்தோஷமாப் போவான். உன் மரம் மாதிரி ஏமாத்த மாட்டான்."

"பூத்து நிக்கிற மரத்தையா வெட்டுவீங்க?"

"பூவைச் சட்டியில போட்டு வதக்கித் திங்கவா முடியும்? ரெண்டு மூணு வாரம் லீவு கிடையாது, பூ கொட்டினதும் வருவேன். காய் பிடிக்கலேன்னா கோடாலிதான்."

அந்த வருஷம் பார்த்து வானமும் அவளைக் கைவிட்டது. ஆலங்கட்டி இல்லை, மழை இல்லை, வெயில் பளிச்சென்று அடித்தது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. இடுப்பில் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் தன்னுடைய வீம்பால் சாகப்போகின்றன என்று நினைத்தபோது அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வழி இருந்தது. கோல்டன் பூங்கிளைகளை வெட்டித் தண்ணீர் பாட்டிலில் செருகி, ராயல் மரங்களில் தொங்கவிட்டால் மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும். ஊரில் பலரும் செய்வதுதான். ஆனால் யாரிடம் போய்க் கேட்டாலும் சாயங்காலத்துக்குள் சுந்த்ரிக்குத் தெரிந்துவிடும். கேட்பதைவிடத் திருடுவது கௌரவம் என்று முடிவு செய்தாள். அதுவும் சுந்த்ரியின் தோட்டத்திலேயே. அவள் புத்தி போன போக்கு அப்படி.

பிஷு திருவிழாவன்று ஊரே தேவதையின் பல்லக்குக்குப் பின்னால் போயிருந்தது. தேவ்கு அரிவாளோடு மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில் இருந்த சுந்த்ரியின் தோட்டத்தில் இறங்கினாள். கோல்டன் மரம் பூத்துக் குலுங்கியது. ஒரு கிளையை வளைத்து அரிவாளை வைத்தாள்.

"அது வேண்டாம்" என்றது ஒரு குரல்.

தேவ்குவுக்கு உயிர் போய்த் திரும்பியது. மரத்துக்குப் பின்னால் சுந்த்ரி முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் வலி, திருவிழாவுக்குப் போகவில்லை.

"முழுசா விரிஞ்ச பூவை வெட்டறியே, நாளைக்கே கொட்டிடும். வெடிக்கப்போற மொக்கா பார்த்து எடு. திருடறதுக்கும் ஒரு நேக்கு வேணாமா?"

"மாட்டுக்குத் தழை..." என்று இழுத்தாள் தேவ்கு.

"ஆமா, உன் மாடு ஆப்பிள் பூவைத்தான் திங்கும். மூணு வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கேன்டி, இன்னிக்கு வருவா, நாளைக்கு வருவான்னு."

"மஞ்சக்காமாலைத் தோட்டம்னு சொன்னீங்களேக்கா." தேவ்குவின் குரல் உடைந்துவிட்டது.

"சொன்னேன். வாய்க்கொழுப்பு. அதுக்காக மரத்தையா பிடுங்குவே? என் தலைமுடியைப் பிடிச்சு நாலு இழுப்பு இழுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே!"

முதலில் சிரித்தது யாரென்று இருவருக்குமே தெரியவில்லை. சுந்த்ரி நொண்டி நொண்டிக் கிளைகளைக் காட்டினாள், தேவ்கு வெட்டினாள். பக்கத்தில் நின்ற டைட்மேன் என்ற இன்னொரு ஜாதி ஆப்பிள் மரத்தையும் சுந்த்ரி விடவில்லை.

"ஒண்ணையே நம்பாதே. இது முந்திப் பூக்கும், கோல்டன் பூ கடைசி வரைக்கும் நிக்கும். உன் மகாராணிங்க எப்பக் கண்ணைத் திறந்தாலும் எதிர்ல ஆள் இருக்கணும்."

வெட்டிய ஒவ்வொரு கிளையும் சுந்த்ரிக்கு இந்த வருஷப் பழம். அது தேவ்குவுக்கும் தெரியும். போதும் போதும் என்றாலும் சுந்த்ரி கேட்கவில்லை.

வீட்டில் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை, பாலக் ராம் காலி செய்து வைத்திருந்தான். கட்டுவதற்குத்தான் கயிறு இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். அவன் நிலத்தை அளந்து கட்டிய கயிறு தயாராகக் கிடந்தது.

பூ கொட்டியதும் சொன்னபடி அவன் வந்தான்.

"என் கயிறு எங்கே?"

"மேலே பாருங்க."

கயிற்றுத் துண்டுகளில் வாடிய கிளைகள் ஆடின. அவற்றைச் சுற்றிலும், பூ இருந்த இடத்திலெல்லாம், நிலக்கடலைப் பருப்பளவுக்குப் பச்சைப் பிஞ்சுகள். பாலக் ராம் ஒன்றைச் சுண்டிப் பார்த்தான். விழவில்லை. இன்னொன்றையும் சுண்டினான்.

"போதும், கையை எடுங்க!"

அவன் சுண்ணாம்புக் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தான். தேவ்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தலைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்பாடா என்றிருந்தது. மரங்கள் பிழைத்துவிட்டன. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த குளிர்காலத்தில் ராயல் வரிசைகளின் நடுவே அவளே இரண்டு மரங்களைப் பிடுங்கிக் குழியை ஆழப்படுத்தினாள். பிறகு சுவரோரம் வந்து நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"அக்கா! ரெண்டு குழி இருக்கு. ரெண்டுலயும் கோல்டனே வைக்கவா, ஒண்ணுல டைட்மேன் வைக்கவா?"

சுந்த்ரி சுவருக்கு மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள்.

"ஒண்ணொண்ணு வை. அதுக்கு ஏன்டி இப்படிக் கத்தறே? எனக்கு நல்லாவே காது கேக்கும்."

"ஊருக்கும் கேக்கட்டும்க்கா" என்றாள் தேவ்கு.