கேபினெட்டை முதலில் வாங்கியது

மலையாளக் கணக்கில் மிதுன மாதம், அதாவது ஆனி, முடிய ஒரு நாள் இருந்தபோது என் மனைவி சொன்னாள்: "நாளன்னிக்குக் கர்க்கடகம் பொறக்கறது. வாங்கறதா இருந்தா நாளைக்கே ஒரு சாமானாவது வாங்கிடுங்கோ. அப்பறம் சிங்ஙம் ஒண்ணாம் தேதி வரைக்கும் புதுசா எதுவும் இந்த ஆத்துக்குள்ள வரப்படாது."

சாமான் என்று அவள் சொன்னது எங்கள் மகளின் கம்ப்யூட்டருக்கான பாகங்களை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வலியசாலைத் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் கணக்கு டியூஷன் எடுத்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் சேர்த்திருந்தாள். கார் பந்தய விளையாட்டு என்றால் அவளுக்கு உயிர். அதற்காக மாமா வீட்டுக்குப் போவாள். அங்கே மாமா பையனும் அவன் நண்பர்களும் ஆடி அலுத்த பிறகுதான் இவள் முறை வரும். பாகங்களைத் தானே தேர்ந்து தானே பூட்டப்போவதாக ஒரு நாள் அங்கே சொல்லியிருக்கிறாள். "நீ பூட்டினா ஃபேன் மட்டும் சுத்தும் கேட்டோ. கேம் ஓடாது" என்றானாம் அவன். வீட்டுக்கு வந்தவள் எங்களிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: யாரும் ஒரு ரூபாய்கூடத் தரக்கூடாது.

மிதுனம் கடைசி நாள் அவளுக்குப் பரீட்சை. அவள் பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஆரியசாலையில் உள்ள மாடிக் கடைக்கு நான் மட்டும் போனேன். அவள் எழுதி வைத்திருந்த பட்டியலில் எதை முதலில் வாங்குவது என்று யோசித்தேன். எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டும் பெட்டிக்குக் கேபினெட் என்று பெயர். வீடு கட்டிய பிறகுதானே கட்டில் வாங்குவோம் என்று எனக்குத் தோன்றியது. அவள் பட்டியலில் கடைசியாக, கேள்விக்குறியோடு இருந்தது அதுதான். கேள்விக்குறியை நான் பொருட்படுத்தவில்லை. சின்னதாக, லட்சணமாக, ஒரு பக்கம் கண்ணாடி வைத்த ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கி வந்தேன். மனைவி அதை விளக்குக்கு முன் வைத்து, மேல்தகட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

பரீட்சை முடிந்து வந்த மகள் தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து உள்ளே அளந்தாள். விளையாட்டுப் படங்களைத் திரையில் ஓடவைக்க அவள் தேர்ந்து வைத்திருந்த கிராபிக்ஸ் கார்டு, இருக்கும் இடத்தைவிட மூன்று விரற்கடை நீளம்.

மாற்றிக்கொள்வது புதுசு வாங்குவதில் சேராது என்று மனைவி சொல்ல, மறுநாள் போனோம். கடைக்காரர் பெட்டியின் மேல்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். "சாரே, பொட்டு வச்சுட்டீங்களே. பெயின்ட்டில கறை பிடிச்சாச்சு. இனி கம்பெனி திரிச்சு எடுக்காது" என்று பெட்டியைத் திருப்பித் தந்தார். தவறு எங்களுடையது, வேறு பெட்டி நான் வாங்கித் தருகிறேன் என்று மாடிப்படியில் வைத்து மகளிடம் சொன்னேன்.

"வேண்டாம்ப்பா. நீங்க வாங்கித் தந்தா அப்பறம் இது நான் பண்ணினதா ஆகாது."

ஆகவே கர்க்கடகம் முழுவதும், மழை பெய்துகொண்டிருக்க, அவள் பட்டியலைத் திருத்தினாள். மொத்தம் பதினொரு பிரதிகள். கிழித்துப் போட்டவற்றை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்தேன். அவை இன்றும் என்னிடம் இருக்கின்றன. நான்காம் பிரதியில்தான் வழி தெரிந்தது. பெட்டியின் முன்பக்கம் ஹார்டு டிஸ்க் வைக்க ஒரு தகரக் கூடு உண்டு. அதைக் கழற்றிவிட்டால் கார்டுக்கு இடம் கிடைக்கும். ஆனால் எங்கள் பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கைப் போட்டுச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தவளுக்கு, இப்போது அதை வைக்க இடமில்லை. அதற்குப் பதில் மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய எஸ்.எஸ்.டி. வேண்டும். அந்தச் செலவை ஈடுகட்ட முந்தைய தலைமுறைப் பிராசசருக்கு இறங்கினாள். அதனுடன் குளிர்விக்கும் விசிறியும் சேர்ந்தே வரும், தனியாக வாங்க வேண்டாம். வண்ண விளக்குகளைப் பட்டியலிலிருந்து அடித்தாள். எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கவில்லை. பாதி விலைக்கு ஒன்று கிடைக்கிறதே என்று கேட்டேன். ஐப்பசியில் வரும் துலாவர்ஷ இடியில் முதலில் போவது அதுதான், போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும் என்றாள். கடைசியில், கார்டைத் தயாரித்தவர்கள் கொடுத்திருந்த அளவுப்படி அட்டையில் ஒரு மாதிரி வெட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

சிங்ஙம் ஒன்றாம் தேதி பெட்டியோடு கடைக்குப் போனோம். ஓணத் தள்ளுபடிக் கூட்டம். கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேசத் தொடங்கினார். மகளைக் காட்டினேன்.

"இந்தக் கார்டு அதில கேறாது மோளே."

மகள் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவர் விரலால் தள்ளிப் பார்த்தார்.

"கூடு எங்க?"

"ஊரியாச்சு, கழட்டியாச்சு அங்கிள்."

அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மின்சாரம் போதுமா, ரேம் ஏன் ஒன்றுக்கு இரண்டு என்று அவளிடமே கேட்டார். அவள் மலையாளமும் தமிழுமாகப் பதில் சொன்னாள். எல்லாம் வாங்கி முடித்தபோது ஆட்டோவுக்கு மிச்சம் இருந்தது. அதையும் அவளே கொடுத்தாள்.

அன்று மதியமே கூடத்துத் தரையில் வேலை தொடங்கியது. டார்ச் பிடிப்பதும் ஸ்க்ரூக்களைச் சின்ன மூடிகளில் பிரித்து வைப்பதும் என் வேலை. நாலேகாலுக்கு ஸ்விட்சைப் போட்டாள். விசிறிகள் சுற்றின. திரை இருண்டே இருந்தது. மாமா பையன் சொன்னது மூன்று பேருக்கும் நினைவு வந்திருக்கும். அவள் அணைத்தாள். பின்பக்கம் குனிந்து பார்த்தாள். மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தாள். மாற்றிப் போட்டாள். நாலு இருபத்திரண்டுக்குத் திரை வெளிச்சமானது. "வந்துடுத்தா?" என்றாள் மனைவி. மகள் தலையை மட்டும் ஆட்டினாள். சாயங்காலத்துக்குள் திரையில் கார்கள் ஓடின.

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். அதே சின்னப் பெட்டியை வாங்கிவிட்டு ஒருவர் முழிக்கிறாராம், போனை மோளிடம் கொஞ்சம் கொடுக்க முடியுமா என்றார். மகள் போனை வாங்கி, முகம் தெரியாத அந்த மனிதருக்கு ஒவ்வொரு பாகத்தையும் ஏன் எடுத்தாள் என்று மலையாளத்தில் விளக்கினாள். இருபது நிமிஷம் ஆயிற்று. தகரக் கூட்டைக் கழற்ற அவர் பயந்திருக்க வேண்டும். "நாலு ஸ்க்ரூ மாத்ரம் சேட்டா, பேடிக்கண்டா" என்று சொல்லிவிட்டு, அவர் கழற்றி முடிக்கும் வரை போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தாள்.