தண்ணீர் லாரி வந்த மூன்றாவது தெரு

2023 ஜூன் 10, சனிக்கிழமை. நான்கரைக்கு எழுந்தேன். 'தென் காற்று, மிதம்' என்று டைரியில் குறித்தேன். பாடு நோட்டைப் பார்த்து, அன்றைய முறைக்காரருக்குப் போன் செய்து அவருடைய இடத்தைச் சொன்னேன். டீ குடித்தேன். ஐந்து இருபது பஸ்ஸில் நானும் மனைவியும் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து சென்னை வழியாக வேலூருக்குப் புறப்பட்டோம். வீடு பார்க்க.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினால் இறால் நிறைய விழும். உள்ளே தள்ளிக் கட்டினால் கூடை பாதிகூட நிறையாது. அதனால் சீட்டுப் போட்டு, இன்று இந்த இடம் இவருக்கு, நாளை அவருக்கு என்று முறை வைத்திருக்கிறோம். அதைத்தான் பாடு என்போம். எங்கள் ஊர் முறையை நோட்டில் எழுதுவது இருபத்திரண்டு வருடமாக என் வேலை. ஊரில் குடியிருக்கும் வரைதான் முறையில் பெயர் இருக்கும். குடிபெயர்ந்தால் பெயரை அடித்துவிடுவோம். திரும்பி வந்தாலும் மறுபடி சேர்ப்பதில்லை. அந்த விதியின்படி ஏழு பேரின் பெயரை நானே அடித்திருக்கிறேன்.

என் இடது தோள் இரண்டு வருடமாக வலை இழுக்க விடவில்லை. மகள் வேலூரில் நர்ஸ். காட்டூரில் மனைவிக்கு வந்த நிலத்தை விற்று, மகள் இருக்கும் ஊரிலேயே மூன்று போர்ஷன் உள்ள வீடு ஒன்றை வாங்கி, கீழே நாங்கள் இருந்துகொண்டு மாடியில் இரண்டு குடித்தனம் வைப்பது என்று முடிவு செய்திருந்தோம். தெரு தவறாக அமைந்துவிட்டால் அங்கேயும் இருக்க முடியாது, இங்கேயும் வர முடியாது. எனவே ஒரு அட்டவணை தயாரித்திருந்தேன். பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, சாக்கடை, மாடிப்படியின் அகலம் என்று பதினான்கு கட்டங்கள்.

"ஜாதகத்துக்கே பன்னண்டு கட்டம்தான்யா. வீட்டுக்குப் பதினாலா?" என்றாள் மனைவி.

முதல் தெரு ஐந்து டிக்கோடு முடிந்தது. இரண்டாவது தெருவுக்குப் பன்னிரண்டு விழுந்தது. மகளின் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு வால்வைப் புரோக்கர் பெருமையோடு காட்டினார்.

"பாருங்க சார், தண்ணி கன்ட்ரோல் உங்க கையில. உங்க சம்ப் ரொம்பினப்புறம் மாடிக்குத் தெறந்து விட்டாப் போதும்."

"மேல கீறவங்க தண்ணிக்கு எங்க மூஞ்சியப் பாத்துனு நிக்கணுமா?" என்று கேட்டாள் மனைவி.

"வீட்டுக்காரங்கன்னா அப்படித்தாம்மா."

மனைவி அந்த வால்வை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். நான் பன்னிரண்டாவது டிக்கைப் போட்டேன்.

மூன்றாவது தெரு ஊர்க் கடைசியில், மொட்டைப் பாறை மலையின் அடியில் இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஆயிரத்து நூற்று முப்பது காலடி. வீட்டின் மாடியில் ஒரு சமையலறைக்கு ஜன்னலே இல்லை. ஆறு டிக். திரும்பலாம் என்று சொல்ல வாயெடுத்தபோது தண்ணீர் லாரி வந்தது. மணி இரண்டு இருபது.

சண்டை வரும் என்று சுவரோரம் ஒதுங்கினேன். சண்டை நடக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு பேராகப் பெண்கள் வந்து, குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் நிரப்பி முடித்ததும் பின்னால் இருந்தவரிடம் குழாயைக் கொடுத்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எங்கள் ஏரியிலிருந்து இவ்வளவு தூரத்தில், ஒரு மீன்கூட இல்லாத ஊரில், கண்முன்னே பாடு நடந்துகொண்டிருந்தது.

குடத்தோடு நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டேன். "வரிசை எப்படிங்க?"

"தை மாசம் சீட்டுப் போடுவோம். அப்புறம் இன்னிக்கு மொத ஆளு அடுத்த லாரிக்குக் கடேசி."

"சொந்த வீட்டுக்காரங்களுக்கு?"

"சொந்தமோ வாடகையோ, அடுப்புக்கு ஒரு எடம். புதுசா வர்றவங்க கடேசில சேருவாங்க."

"மொத்தம் எத்தனை அடுப்பு?"

"நாப்பத்தொண்ணு."

"யார் எழுதறது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எழுதறதா? இதைப் போயி எழுதுவாங்களா?"

"மறந்துட்டா?"

"ஒருத்தி மறந்தா நாப்பது பேரு ஞாபகப்படுத்துவாளுங்க. விட்டுருவாளுங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிகம் சிரித்தாள். "இருபத்திரெண்டு வருசமா எழுதுறியே, கேட்டுக்கோ!"

எங்கள் ஊரில் முப்பத்தாறு பெயர்கள்தான். நோட்டு ஒருநாள் நனைந்துவிட்டால் ஊரே கரையில் நிற்கும் என்று நம்பியிருந்தவன் நான். அந்தத் தெருவில் முறை முழுவதும் பெண்களின் தலைக்குள் இருந்தது. கடைசிக் குடம் நிரம்பும்வரை நின்று பார்த்தேன். ஒரு குடம்கூட இடம் மாறவில்லை.

அதற்குள் மனைவி ஒரு கர்ப்பிணியின் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு மாடிக்கே போய்விட்டாள். இறங்கி வந்து, லாரியின் குழாயில் சொட்டிய தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக் குடித்தாள்.

"உப்பே இல்லய்யா. சப்புனு கீது. பழகிடும்."

திரும்பும் பஸ்ஸில் அட்டவணையை எடுத்தேன். இரண்டாவது தெரு பன்னிரண்டு, மூன்றாவது ஆறு. கூட்டலில் பிழை இல்லை. பதினைந்தாவதாக ஒரு கட்டம் வரையப் போனேன். அதற்கு என்ன தலைப்பு எழுதுவது என்று தெரியவில்லை. தாளை மடித்துவிட்டு மகளுக்குப் போன் செய்து, மூன்றாவது தெருதான் என்றேன்.

"அவ்ளோ தூரமா நைனா? நீ போட்ட கட்டம் இன்னா சொல்லுது?"

"கட்டம் வேணாம்னுதான் சொல்லுது. உங்கம்மா அங்க ஏற்கனவே தண்ணி தூக்கிட்டா."

நாற்பத்திரண்டாவது அடுப்பு எங்களுடையது, மாடியில் வரப்போகும் இரண்டும் அதற்கு அடுத்தவை என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் நான்கரைக்கு எழுந்து, காற்றைக் குறிப்பதற்கு முன்னால், பாடு நோட்டைத் திறந்து, முப்பத்தாறு பெயர்களில் பத்தொன்பதாவதாக இருந்த என் பெயரின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்.