தொப்பூர் இறக்கத்தில் ஒரு போர் விமானம்

என் தம்பி சின்னராஜ் பழைய காலப் போர் விமானத்தில் பறந்து நூறு எதிரிகளை விரட்டியவன். நூறு என்பது கொஞ்சம் அதிகம்தான். அவன் விரட்டியது யாரையுமில்லை, பறந்ததும் காரிமங்கலத்து வீட்டில், கம்ப்யூட்டர் விளையாட்டில். முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவனுக்கு விமானத்தில் ஒரே தொல்லை: மேலே ஏறும்போதெல்லாம் இஞ்சின் சூடாகி எரிந்துவிடும். இன்னொன்றை எரித்தால் குழுவை விட்டே நீக்கிவிடுவோம் என்று கூட விளையாடுகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"வேகத்தக் கொறைங்கப்பா, ரேடியேட்டர் கதவத் தொறங்க" என்றாள் அவன் மகள் சந்தியா.

"தொப்பூர் எறக்கத்துல எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? சும்மா இரு கண்ணு" என்றவன், அந்த மலை இறக்கத்தில் லாரிக்கு டீசல் மிச்சம் பிடிக்கச் செய்ததைப் போலவே இஞ்சினை அணைத்துவிட்டான். விமானம் மூக்கைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் சறுக்கியது. முள்ளும் இறங்கியது. ஒரு கீறல் இல்லாமல் ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்தினான். குழுவிலிருந்து இனி அவனை யாரும் அசைக்க முடியாது.

நான் இதுவரை எழுதியதை எட்டிப் படித்த சந்தியா சொன்னாள்: "எறங்குனது நெசந்தான் அத்தை. ஆனா அது எதிரியோட ரன்வே. அப்பாவ அன்னிக்கே குரூப்ப வுட்டுத் தூக்கிட்டாங்க. இப்ப அவரு அந்த எதிரி குரூப்புல இருக்காரு."