முதுகு கெட்ட பிளேடு

1. வாய்க்கொழுப்பு

ஜங்லிகாட் தச்சுப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. அதுவரை கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். பட்டறையை நடத்திய பிலோமி மேடம் என்னைவிடப் பத்து வயது இளையவர். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அங்கே இன்னொரு தச்சர் பிஸ்வாஸ், வங்காளி. ஒன்பது வருஷ ஆள். கருவி அலமாரியின் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

முதல் நாள் மேடம் இரண்டு இழைப்புளிகளின் பிளேடுகளைக் கழற்றிக் கொடுத்து, "அண்ணே, தீட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கத்தி தீட்டுறத எனக்கா சொல்லித் தரணும்? விடிஞ்சா அதானே எங்களுக்கு வேல" என்றேன்.

பால் வெட்டும் கத்திக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் கல் காட்டுவோம். அதே பழக்கத்தில் பிளேடின் சரிவைத் தீட்டிவிட்டு, திருப்பி, தட்டையான மறுபக்கத்தை, அதாவது முதுகையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தேய்த்தேன். கையில் வைத்து இழுத்துப் பார்த்தேன், முடி மழமழவென்று மழித்துக்கொண்டு வந்தது. பெருமையாக நீட்டினேன். மேடம் ஒரு பிளேடை மாட்டி, மிருதுவான வெள்ளைக் கட்டையில் தள்ளினார். அது மேலோடு சுரண்டிக்கொண்டு போனதே தவிர, உள்ளே இறங்கவில்லை.

"என்னண்ணே, முதுகையும் தூக்கித் தீட்டிட்டியளா? முதுகு கண்ணாடி கணக்கா தட்டையா இருக்கணும். இல்லன்னா மரத்துல எறங்காது. போச்சு, இத நிமித்த ஒரு நாள் ஆகும்."

கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை ஒட்டி, சாயங்காலம் வரை முதுகைத் தேய்த்தேன். ஒரு பிளேடு சரியானது. இரண்டாவதும் கெட்டிருப்பது மேடத்துக்குத் தெரியாது. ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்த இரண்டாவது பிளேடைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் தேய்த்து, சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைப்பு.

மறுநாள் காலையிலேயே மேடம் அந்தப் பிளேடைத் தேடினார். "நேத்தே அலமாரியில வச்சிட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றும் தெரியவில்லை. மேடம் பிஸ்வாஸைப் பார்த்தார். அவர் அலமாரியைத் திறந்துவிட்டார், பிளேடு அங்கே இல்லை. "சாவிய குடுங்க" என்று மேடம் கேட்டு வாங்கி, தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஒரு உளி வேண்டுமென்றாலும் பிஸ்வாஸ் மேடத்திடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

2. காதர் பாயின் பலகை

நாலு மாதம் போயிருக்கும். துணிக்கடை காதர் பாய் பழைய கல்லாப் பலகையைக் கொண்டுவந்து, மேசையாக்கித் தரச் சொன்னார். ஒரே துண்டு படாக், எங்கள் தீவுகளின் சிவப்பு மரம். உள்ளே ஒடிந்த ஆணிகள் கிடந்ததால் மெஷினில் விட முடியாது. கையால்தான் இழைக்க வேண்டும்.

படாக்கில் நார் ஒரு பட்டை இப்படி ஓடினால் அடுத்த பட்டை எதிராக ஓடும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பாதிப் பலகையில் நார் பிய்ந்து குழி விழுந்தது. குழியை எடுக்க மேலும் இழைத்தோம், புதுக் குழி விழுந்தது. பலகை கால் அங்குலம் மெலிந்துவிட்டது.

"பிளேடு ரொம்ப நொழஞ்சு நாரப் பிடுங்குதுண்ணே" என்றார் மேடம். "இன்னும் மெலிஞ்சா பாய்க்கு என்ன பதில் சொல்லுவேன்? இது மாதிரி பலகைக்கு எங்க போவேன்?"

நுழையாமல் சுரண்டிக்கொண்டு போகும் பிளேடு ஒன்று என் வீட்டில் இருந்தது; பொய் சொன்ன பிறகு திருப்பி வைக்க வழியில்லாமல், தேய்க்காமலே போட்டுவிட்டிருந்தேன். பலகையைப் பார்த்தேன், பிஸ்வாஸைப் பார்த்தேன். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பலகை போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் போய் எடுத்துவந்து மேடம் கையில் கொடுத்தேன். "நான்தான் எடுத்தேன் மேடம். அன்னிக்குப் பொய் சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிளேடை மாட்டி, மிக மெல்லிசாக வைத்துத் தள்ளினார். தள்ளுவதற்குப் பலம் வேண்டியிருந்தது. ஆனால் நார் ஓரிடத்தில்கூடப் பிய்யவில்லை. இரண்டு பக்கமிருந்தும் தள்ளிப் பார்த்தார். பலகை வழுவழுவென்று சிவந்து வந்தது.

"பலக தப்பிச்சிட்டு" என்றார். "உங்கள என்ன செய்யன்னு அப்புறம் பாப்போம். மொதல்ல அவர்ட்ட போய்ச் சொல்லுங்க." டிராயரிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

பிஸ்வாஸ் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சாவியை நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"மாலூம் பாய், எனக்குத் தெரியும்" என்றார். "நீ பையில போட்டத அன்னிக்கே பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா மேடம் உன்ன வேலைய விட்டு நிகால் பண்ணும். என்னப் பண்ணாது, நான் பழைய ஆளு. உனக்கு மூணு பச்சா இருக்குன்னு சொன்னியே." சாவியை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். கெட்டுப்போன பிளேடை ஒரே நாளில் நிமிர்த்திவிடலாம். கெடுத்ததை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் இருந்த நாலு மாதமும் பிஸ்வாஸ் ஒரு உளிக்காக மேடத்தின் மேசை முன்னால் போய் நின்றார். அதை என்னால் எந்தக் கல்லிலும் தேய்த்து எடுக்க முடியவில்லை.